மூன்றாவது மாடிக் காப்பகம்

கம்பாலா நகரச் சந்தையின் மூன்றாவது மாடியில், நகராட்சி கட்டிய குழந்தைகள் காப்பகம் பளிச்சென்று காலியாகக் கிடக்கிறது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, அதன் கீழே உறைகூடப் பிரிக்காத இருபது பாய்கள். அதிகாரி பியாருஹாங்கா கோப்பில் 'பயன்பாடு இல்லை' என்று எழுதுகிறார். தக்காளிக்காரி நன்சிகோம்பி மூச்சிரைக்க ஏறி வந்து நிற்கிறாள், முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தையோடு. "கட்டிக் குடுத்தும் ஒருத்தியும் வரல. இனி இது கிடங்குதான்" என்கிறார் அவர். "கீழ ஒரு மூலை குடுங்கன்னுதானே ஐயா கேட்டோம்?" "கீழ பூராவும் கடைக்கு ஒதுக்கியாச்சும்மா. பிளான்ல அப்படித்தான் இருக்கு." அவள் முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை அவர் கையில் திணிக்கிறாள். "செத்த வச்சிருங்க. தக்காளி தனியாக் கிடக்கு." செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தேய்ந்து போகிறது.

குழந்தை வீறிடுகிறது. அவர் தட்டிக்கொடுக்கிறார், ஆட்டுகிறார். அழுகை வெறும் சுவர்களில் மோதித் திரும்புகிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏம்மா!" என்று கத்துகிறார். சந்தை இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. வேறு வழியின்றி இறங்குகிறார். அறுபத்திரண்டு படிகள். சட்டையை நனைப்பது வியர்வையா மூத்திரமா என்று தெரியவில்லை. கீழே வந்ததும், அவள் கடை எதுவென்று புரியாமல் திகைத்து நிற்கிறார். குழந்தை மறுபடி வீறிட, வரிசையாக ஒவ்வொரு கடை மேசைக்கு அடியிலிருந்தும், வாழைக்காய்ப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு குழந்தை பதிலுக்கு அழத் தொடங்குகிறது.