அப்பாவின் பதில் வர முக்கால் மணி நேரம்

அப்பாவுக்குச் செவ்வாய்க் கிரகத்தில் சுரங்க வேலை. ஒன்று கேட்டால் அவர் பதில் வந்து சேர முக்கால் மணி நேரமாகும். அதுவரை பொறுக்காதவர்களுக்காக, அவர் முகத்தோடும் குரலோடும் உடனே பதில் சொல்லும் 'நேரலை அப்பா' என்ற கணினி நகல் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. அம்மாவுக்கு அதைத்தான் பிடிக்கும். எதிர்த்துப் பேசாது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்றார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அம்மா நேரலையில் கேட்டாள்.

"நீ சொன்னா சரிதான் செம்பகம்," என்றது திரை.

நான் நிஜ அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். தட்டு மாறியது. எல்லோரும் கேசரி சாப்பிடும்போது, தூசி படிந்த முகத்தோடு அவர் பதில் திரையில் வந்தது.

"அவசரப்படாத செம்பகம். பாப்பா மொதல்ல வேலைக்குப் போகட்டும். கல்யாணத்தப் பத்தி அப்புறம் அவளையே கேளு."

"அதான் அப்பவே சரின்னுட்டாரே!" என்றார் தாய்மாமன்.

அம்மா மறுபடி நேரலையைத் தொட்டாள். "என்னங்க, இப்படி மாத்திப் பேசுறீங்க?"

"அத விடு. நீ சொன்னா சரிதான் செம்பகம்."

அவர்கள் தந்த தாம்பூலத் தட்டை நான் எடுத்து மாப்பிள்ளையின் அம்மா மடியில் வைத்தேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க அப்பா இப்பத்தான் பேசினாரு."