விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலி

கூட்டத்துக்கு வந்திருப்பவர்கள் மூவர். ஜன்னலோரம் தையல்காரம்மா, கதவருகே எலக்ட்ரீஷியன், மேசையில் தெருச் சங்கத்துச் செயலாளரான நான். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. போன கோடை வெயில் அவள் உயிரைக் கொண்டுபோகும் வரை அது என் மனைவியின் இடம். தகரக் கூரை சூட்டில் படபடவென்று பொரிகிறது. வெயில் கொளுத்தும் நாட்களில் தனியாக இருப்பவர்களின் கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் வைக்க, அரசு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன்.

"பணம் வர்றதுக்குள்ள மழையே வந்துடும்ணே" என்று சிரிக்கிறார் எலக்ட்ரீஷியன். தனியாக இருப்பவர்கள் ஒன்பது வீடு என்று நான் எழுதுவதைத் தையல்காரம்மா எட்டிப் பார்க்கிறார்.

"பத்துண்ணே."

"தெருவே எனக்கு அத்துப்படிம்மா. எந்த வீடு விட்டுப்போச்சு?"

"உங்க வீடுதான்ணே."

எலக்ட்ரீஷியன் எழுந்துபோய் விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறார். காலி நாற்காலியின் முதுகில் கிடக்கும் பூப்போட்ட துண்டு மெல்ல அசைகிறது. ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதுகிறேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் முறைப்படி கையெழுத்தும் போடுகிறேன். விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டி, பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்து, எலக்ட்ரீஷியனிடம் நீட்டுகிறேன்.

"போற வழியில பெட்டியில போட்டுடுங்க தம்பி."