மேசைக்கு அடியில் ஒரு கை

எபனேசர் பந்துவீச்சை விட்டு டிவி வர்ணனைக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. இடது கையில் மைக் இருக்கும். வலது கை மட்டும் மேசைக்கு அடியில், இல்லாத பந்தைப் பிடித்தபடியே கிடக்கும். அந்த விரல்கள் எப்படி வளைகின்றனவோ, கீழே மைதானத்தில் பந்தும் அப்படியே வரும். இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று வெயில் தாங்காமல் பேட்ஸ்மேன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெறும் தொப்பியோடு நின்றான். முன்பு அப்படி நின்ற ஒருவனின் நெற்றியில்தான் எபனேசர் போட்ட கடைசிப் பந்து பட்டது. அவன் எழுந்திருக்கவே இல்லை. இப்போது அந்தப் பாவி விரல்கள் தாமாகவே அதே பிடிக்குப் போயின.

“என்னண்ணே, பேச்சையே காணோம்?” என்றான் கூட வர்ணனை செய்த வரதன்.

எபனேசர் மைக்கை வைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். ஓடிவந்த பவுலர் சட்டென்று நின்றான். தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு அவன் நிற்பது திரையில் பெரிதாகத் தெரிந்தது.

“பந்தை விட மனசில்லை போல!” என்று சிரித்தான் வரதன்.

மேசைக்கு அடியில் எபனேசரின் வலது கைச் சுண்டுவிரல் அந்த இல்லாத பந்தை விட்டு மெல்லப் பிரிந்தது. அடுத்து மோதிரவிரல்.