ரூனேயின் எண்பது

"எண்பது!" என்று கத்திக்கொண்டேதான் உள்ளே வந்தார் ரூனே. வாசலில் காலணியைக்கூட இன்னும் கழற்றவில்லை. "என் ரத்தத்துல வெறும் எண்பதுதான்டா, இங்வார்! நர்ஸே அசந்து போயிட்டா. இருபது வயசுப் பையனோட ரத்தமாம்!"

சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவரின் பள்ளித் தோழரான இந்த மனுஷனிடம் அவள் கேட்டது ஒரே ஒரு உதவி. ஊர்ச் சுகாதார நிலையத்தில் எழுபத்தைந்து வயதானவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இதயம் திணறினால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடுமாம்; அதன் அளவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதாம். அப்படிக் கூடியவர்களின் இதயத் துடிப்பைக் கவனித்தால், பக்கவாதம் வரும் முன்பே மருந்து கொடுத்துத் தடுக்கலாமாம்.

அவள் கணவர் இங்வார் அசைந்து கொடுப்பதாயில்லை. அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து, பேச்சில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்.

"வர்றது வரட்டும். முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு தினம் தினம் சாகணுமா?" என்பார்.

அத்தனையும் பயம் என்று குன்வோருக்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குவதும் தெரியும். அதனால்தான், "நீங்க போய்ட்டு வந்து அவருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று ரூனேயிடம் கெஞ்சியிருந்தாள். அவர் சொல்லும் நல்ல வார்த்தை இதுதான் போலிருக்கிறது.

"நீ போகாதடா இங்வார்" என்றார் ரூனே, இலவங்கப்பட்டை பன்னை வாயில் திணித்துக்கொண்டு. "பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்குப் போட்டியிலேர்ந்து என் முதுகைத்தானே பாத்துட்டு வர்றே? ரத்தத்துலயும் எதுக்குத் தோக்கணும்?"

"ஒரு தடவை ஜெயிச்சேனே!"

"அன்னிக்கு என் சறுக்குக் கட்டை உடைஞ்சு போச்சு."

அதோடு விட்டாரா? குளிர்காலம் வந்து, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தால், "எண்பது வந்திருக்கு, கொஞ்சம் நகருங்கப்பா!" என்பார். கடையில் பால் வாங்கும்போதும் அதே பேச்சு. இங்வாரைப் பார்த்தால் மட்டும், "ஊசின்னா பயப்படுற குழந்தை" என்று ஊர் கேட்கச் சிரிப்பார்.

"இவரெல்லாம் ஒரு சிநேகிதரா?" என்று பொருமினாள் குன்வோர். "அடுத்தவங்க பயத்துல குளிர் காயற ஜென்மம்!"

ஒரு நாள் ஏரியிலிருந்து வந்த இங்வார் தூண்டிலைச் சுவரோரம் எறிந்தார்.

"நாளைக்குப் போறேன். எழுபது வாங்கிட்டு வந்து அவன் மூஞ்சியில அடிக்கறேன்."

வந்தது நானூறு.

டாக்டரம்மா உடனே ஒரு கருவியைக் கொடுத்து, சில நாட்கள் துடிப்பைப் பதிவு செய்யச் சொன்னாள். இதயம் அவ்வப்போது தாளம் தப்பித் துடித்தது அதில் தெரிந்தது.

"இப்படியே விட்டிருந்தா இதயத்துல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள். "இந்த மாத்திரைய விடாம போடுங்க. ஆபத்து ரொம்பவே குறைஞ்சிடும். தைரியமா பனிச்சறுக்குக்குப் போங்க."

குன்வோருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழியெல்லாம் கணவரின் கையை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்தால், ரூனே காத்திருந்தார். இங்வார் முடிவைச் சொன்னார்.

"நானூறா? இதுலயும் என்கிட்ட தோத்துட்டியேடா!"

குன்வோர் கதவைத் திறந்து பிடித்தாள். "போதும். இனிமே உங்களுக்கு இந்த வீட்டுல காபி கிடையாது."

ரூனே குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அடுத்த முறை இங்வாருக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள் குன்வோர். அவளுக்கு முன்னால், கவுண்டரில் ரூனே நின்றிருந்தார்.

"போன தடவை மாதிரியேதான்" என்று கடைக்காரப் பெண் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இலையுதிர் காலத்துலேர்ந்து போடறீங்களே, ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

அவள் நீட்டிய டப்பாவை குன்வோருக்கு நன்றாகத் தெரியும். இங்வாருக்குத் தினமும் அவள் எடுத்துக் கொடுக்கும் அதே மாத்திரை.

திரும்பிய ரூனே அவளைப் பார்த்ததும் டப்பாவைச் சட்டென்று கையிலிருந்த குல்லாவுக்குள் போட்டார்.

"ரூனே… உங்களுக்கு எண்பதுன்னு சொன்னீங்களே?"

"எண்பதா? எனக்கு வந்தது தொள்ளாயிரம்மா!"

"அப்புறம் எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"உண்மைய சொல்லியிருந்தா இங்வார் என்ன பண்ணியிருப்பான்? எனக்கு ஆறுதல் சொல்ல ஓடி வந்திருப்பான். அப்புறம் அந்தச் சுகாதார நிலையம் இருக்கற தெருப் பக்கமே போயிருக்க மாட்டான். அவனைப் பயமுறுத்தி ஒரு அடி நகர்த்த முடியாது. சீண்டினா மலையே ஏறுவான். அறுபது வருஷமா பாக்கறேனே!"

குன்வோருக்கு, அன்று கதவைக் காட்டி அனுப்பியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அப்படின்னா… உங்களுக்குத் தொள்ளாயிரம், அவருக்கு நானூறு…"

"ஆமா, அவன்தான் ஜெயிச்சான்" என்று குரலைத் தாழ்த்தினார் ரூனே. "தயவு செஞ்சு அவன்கிட்ட சொல்லிடாதே. அந்தச் சந்தோஷத்துல மாத்திரைய நிறுத்தினாலும் நிறுத்திடுவான்."

குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய குல்லாவைச் சரியாக மூடி, அவர் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

"சாயங்காலம் காபிக்கு வாங்க. வரும்போது அந்த எண்பதையும் மறக்காம கொண்டு வாங்க."