ரொம்ப நெருக்கம்

சூரியநெல்லி எஸ்டேட் பாதையில், கொட்டுகிற மழையில், மோனிஷாவின் ஆராய்ச்சித் தலைப்பை மறுத்துக்கொண்டே நடந்தார் பேராசிரியர்.

கோபமெல்லாம் இல்லை. எதையும் நயமான மலையாளத்தில் மறுப்பதுதான் அவர் வழக்கம். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பெண் லயத்து வாழ்க்கையை ஆராய முடியாது, ரொம்ப நெருக்கம், கண்ணை மறைத்துவிடும் என்றார்.

முன்னால் போகும் சக மாணவர்கள் ஜின்சியும் ரிஜினும் தேயிலைச் செடியை இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆபத்து இல்லையாம். எஸ்டேட்டைப் பற்றிய அவர்கள் தலைப்புகளுக்கு எப்போதோ சரி சொல்லிவிட்டார்.

துறையில் எஸ்டேட் பிள்ளை மோனிஷா ஒருத்திதான். தமிழ் வாடையடிக்கும் பாண்டி மலையாளம் என்று சிரிப்பார்களே என்று கேன்டீனில்கூட வாயைத் திறக்க மாட்டாள். இந்தத் தலைப்பும் போனால் அங்கே அவளுக்கென்று எதுவும் மிச்சமில்லை.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. எஸ்டேட் மேனேஜர். லயத்தில் அவரைத் தொரை என்பார்கள்.

தொரை ஜீப் வந்தால் பாதையை விட்டிறங்கிச் செடியோரம் நிற்க வேண்டும். எந்த மழையானாலும் குடையை மடக்கிவிட வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே கூட வந்துவிடும். இப்போதைய தொரை அரைக்கால் சட்டை போட்ட பொடியன். அவனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

இன்று மடக்குவதில்லை என்று மோனிஷா வைராக்கியமாக நின்றாள். விரல் பொத்தானுக்குப் போகத்தான் போனது. பிடியை இறுக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு குடை மடங்கும் சத்தம்.

பேராசிரியர் செடியோரம் இறங்கி நின்றிருந்தார். மடக்கிய குடை கக்கத்தில் இருந்தது. மூக்குக் கண்ணாடியில் மழை வழிந்தது.

"கொடைய மடக்கு புள்ள," என்றார் தாழ்ந்த குரலில். "தொர பாக்காரு."

அவர் தமிழ் பேசி அவள் கேட்டதேயில்லை.

ஜீப் போய்விட்டது. அவர் குடையை விரித்துக்கொண்டு பாதைக்கு ஏறினார். வேறு தலைப்போடு வரச் சொன்னார், பழையபடி மலையாளத்தில். கண் மட்டும் முன்னால் நிற்கும் இருவர் மேலேயே இருந்தது.

எந்த லயம் என்று கேட்க வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பாவமாக இருந்தது.

"அவங்களுக்குக் கேக்கல சார்," என்றாள்.