முக அச்சு

"கல்யாணம் ஆனதிலேர்ந்து கேக்கறேன், பத்து நிமிஷம் ஆடாம படுத்திருக்கீங்களா? இன்னைக்குத்தான் எனக்கு வாய்ச்சுது!"

கணவரின் முகத்தில் வாஸ்லைன் தடவியபடி அலுத்துக்கொண்டாள், சிற்பியான மனைவி. வேதியியல் வாத்தியாரான அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மகள் கிண்ணத்தில் பிளாஸ்டர் மாவைக் கரைத்தாள்.

"கட்டி தட்டாம கலக்குடி. வாத்தியார் பொண்ணுதானே, இது என்ன மாவு, சொல்லு."

"கால்சியம் சல்பேட். CaSO₄. ஒரு மூலக்கூறுக்கு அரைத் தண்ணிதான் ஒட்டியிருக்கும். தண்ணி ஊத்தினா இன்னும் ஒண்ணரை சேத்துக்கிட்டு ஜிப்சமா இறுகிடும்."

"கேட்டுக்குங்க, உங்க மானத்தைக் காப்பாத்திட்டா!" அம்மா நெற்றி, கன்னமெல்லாம் மாவை அப்பினாள்.

மகள் பழக்கத்தில் இரண்டு ஸ்ட்ராக்களை நீட்டினாள். யாருக்கு முக அச்சு எடுத்தாலும், மூச்சு விடுவதற்கு மூக்கில் அவற்றைச் செருகுவது அவள் வேலை.

அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"அப்பாவுக்கு இனிமே அது வேண்டாம்டி."

மூக்கையும் மாவால் மூடினாள். வாசலிலிருந்து அம்மாவின் அண்ணன் குரல் கொடுத்தார்: "வண்டி வந்தாச்சும்மா. எடுத்துடலாமா?"

மாவு இறுகிவிட்டதா என்று அப்பாவின் கன்னத்தைத் தொட்ட மகள் அலறினாள்.

"அம்மா! அப்பா சூடா இருக்காரும்மா! உயிர் இருக்கும்மா!"

கிண்ணம் விழுந்து உடைந்தது. வாசல் பக்கம் போயிருந்த அம்மா பாய்ந்து வந்து தொட்டாள். சூடுதான். ஒரு கணம் அவளும் நம்பிவிட்டாள்.

"இறுகும்போது மாவு சூடாகும்டி," என்றாள் உடைந்த குரலில். "அப்பாதானே உனக்குச் சொல்லிக்கொடுத்தாரு."

"தெரியும்மா."

மாவு ஆறும்வரை இருவருமே கையை எடுக்கவில்லை.