பெரிய ஜோடியா, சின்ன ஜோடியா

மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, கைக்குட்டையால் கண்ணை இறுக்கிக் கட்டினார் பல் டாக்டர். கதவைச் சாத்தினார். நாலு சுவரிலும் பஞ்சுப் பலகை அடித்திருந்ததால் உள்ளே யார் அலறினாலும் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது.

"வலிக்குதா?"

"எத்தனை பேரைக் கேட்டிருப்பீங்க இதை. சீக்கிரம் ஆரம்பிங்க."

மூலையில் நின்ற மூன்றாவது ஆள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் ஸ்பீக்கர் கடைக்காரர். இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கி, ஒயரையும் அவரே மாட்டியிருந்தார். கேட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஜோடி ஆள் உயரம். அது வந்தால் ஜன்னல் மறையும், ஜன்னலோரம் இருக்கும் மனைவியின் மேஜை வெளியே போகும். அவள் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். அந்த வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக விழும் இடம் அது ஒன்றுதான். இன்னொரு ஜோடி அலமாரியில் அடங்கிவிடும். மேஜை பிழைக்கும்.

ஒரு வாரம் சண்டை போட்டு எட்டிய சமாதானம் இது: கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் எதை நல்லது என்கிறாளோ, அதுதான். எது எந்த நம்பர் என்று அவளிடம் சொல்லவில்லை. ஒண்ணு பெரியது, ரெண்டு சின்னது.

"சார், நீங்களும் கட்டிக்கலாமே?" என்றார் கடைக்காரர் மெதுவாக.

"எனக்கா? ஃப்ரெண்ட்ஸெல்லாம் என்னைக் காது டாக்டர்னுதான் கூப்பிடறாங்க பாஸ். தொழில்தான் பல்லு."

வயலின் ஓடியது. டாக்டர் ஆம்ப்ளிஃபையர் முன்னால் உட்கார்ந்து, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் மாற்றி மாற்றி ஸ்விட்சைத் திருப்பினார். கூடவே இன்னொரு காரியமும் செய்தார். ஒண்ணு பாடும்போதெல்லாம் சத்தத்தை ஒரு மயிரிழை ஏற்றினார்.

சத்தம் துளி கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று நம்பிவிடும். ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். மனைவிக்குத் தெரியாது. டாக்டரின் விரல் கூசியது. கூசிக்கொண்டே திருப்பியது.

பெரிய ஸ்பீக்கரின் தலையில் கடைக்காரர் பாதி குடித்து வைத்த தண்ணீர் டம்ளர் இருந்தது. ஒண்ணு பாடும்போது டாக்டர் அதைக் காட்டிக் கிசுகிசுத்தார்: "பாத்தீங்களா, தண்ணி ஒரு சொட்டு அசையல. பெட்டி அவ்வளவு கெட்டி. பேஸ் சத்தத்தைப் பாருங்க, நெஞ்சுல வந்து சம்மணம் போட்டு உக்காருது."

"ஆமாங்க சார்" என்றார் கடைக்காரர், தன் கால் கட்டைவிரலைப் பார்த்து.

"ரெண்டைக் கேட்டீங்களா? தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி."

கடைக்காரர் மறுபடி நெற்றியைத் துடைத்தார்.

"எது?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணு" என்றாள் மனைவி.

எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் அதே பதில். டாக்டருக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். ஆனால் மேஜைமேல் அவள் பாதி வரைந்த யானை ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு இது எந்த இருட்டு மூலையில் மீதி உடம்பைப் பெறப்போகிறதோ.

"அப்ப ஒண்ணையே வாங்கிடலாம்" என்றாள் அவள். குரலில் சண்டையே இல்லை. அதுதான் டாக்டரைக் கொன்றது.

அவர் பாட்டை நிறுத்தினார்.

"இரும்மா. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பெரிசு பாடறப்பல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்திட்டேன். அதான் உனக்கு அது நல்லா கேட்டுச்சு. நீ நியாயமாத்தான் கேட்ட, நான்தான் ஏமாத்திட்டேன். பெரிசு வேண்டாம். உன் மேஜை இங்கயே இருக்கட்டும்."

மனைவி கண்கட்டை அவிழ்த்தாள். டாக்டர் தலையைத் தொங்கப்போட்டுத் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீங்களா இப்படி ஒத்துப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, நான் அந்த வேலையைப் பண்ணியிருக்கவே மாட்டேங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"எந்த வேலை?"

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். தப்பிக்க வழியில்லாமல் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எந்த நம்பரைச் சொன்னாலும் சின்னதே ஜெயிக்கணும்னு மேடம் சொன்னாங்க, ரெண்டு நம்பரையும் சின்னதுலயேதான் மாட்டினேன். பெரிசு இன்னும் வாயே திறக்கல சார்."